கட்டண ஆலோசகரா, கமிஷன் ஏஜென்டா?

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆள் பிடிக்குமுன் கேளுங்கள்: இவருக்குப் பணம் யார் தருகிறார்கள்?

ஏஜென்டுக்குக் கல்லூரி தருகிறது. நமக்குச் செலவில்லை, ஆனால் கமிஷன் தராத கல்லூரி அவர் பட்டியலிலேயே வராது. அரசு உதவித்தொகை பெறும் கல்லூரிகள் உள்நாட்டு மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்க அங்கே சட்டத் தடை உண்டு. வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் விலக்கு. நம் பிள்ளைகள் சிக்குவது அங்கேதான்.

ஆலோசகருக்குக் குடும்பம் தருகிறது. ஐஇசிஏ என்ற கட்டண ஆலோசகர் சங்க உறுப்பினர் என்றால் கல்லூரியிடம் கைநீட்டக் கூடாது. இங்கே தொல்லை வேறு: வாங்கிய காசுக்கு, 650 சொல்லுக்குள் அடங்க வேண்டிய காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம்) கட்டுரையைச் சிலர் தாங்களே எழுதிவிடுவார்கள். 2019இல் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை மோசடியில் சிக்கிய ரிக் சிங்கரும் (லஞ்சம், ஆள்மாறாட்டத் தேர்வு) காசு வாங்கிய ஆலோசகர்தான்.

இருந்தாலும் என் ஓட்டு கட்டணத்துக்கே. ‘சீட் உறுதி’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் பிள்ளையிடமே இருக்கட்டும்.