ராத்திரி ரெண்டு மணிக்கு யார் போனை எடுக்கிறார்கள்? கடைசிக்கால கவனிப்புக்கு மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

போன வருஷம் ஆடி மாசக் கடைசியில் எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) நோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. புராஸ்டேட் புற்றுநோய். நாலு வருஷமாக ஊசியிலும் மாத்திரையிலும் அடங்கிக் கிடந்தது, அப்புறம் அடங்கவில்லை. "78 வயசு உடம்பை இனி கீமோவில் படுத்த வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்குங்க" என்று டாக்டர் ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். எங்கே வைத்து, யாரைக் கொண்டு பார்த்துக்கொள்வது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை, வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

அடுத்த மூன்று மாதத்துக்குள் இருக்கிற வழி மூன்றையும் பார்த்துவிட்டோம். முதலில் கோவையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி, ஆறு நாள். அப்புறம் காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையிலேயே ஹோம் நர்சிங் ஏஜென்சி ஆளும் அரசாங்க நர்சுமாக ஐந்து வாரம். அதற்கப்புறம் கோவைக்கு வெளியே ஓர் அறக்கட்டளை நடத்தும் ஹாஸ்பைஸில், அதாவது குணமாகாத நோயாளிகளின் வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், பன்னிரண்டு நாள். கடைசியில் திரும்பவும் வீடு. பெயர்களை எழுதப்போவதில்லை. ஒரு நல்ல சிஸ்டர் வேலையை விட்டுப் போனால் அதே இடம் வேறு இடமாகிவிடும், அதனால் பெயரைவிட என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

இடம் பார்க்கப் போகும்போது எல்லோரும் செய்யும் தப்பை நாங்களும் செய்தோம். தரை பளபளவென்று இருக்கிறதா, ஏசி ஓடுகிறதா, டாக்டர் பேருக்குப் பின்னால் எத்தனை பட்டம். இன்றைக்கு யாராவது கேட்டால் நான் ஒன்றுதான் விசாரிக்கச் சொல்வேன்: ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தால் யார் போனை எடுப்பார்கள், எடுத்தவர் கையில் என்ன மருந்து இருக்கும்?

தனியார் ஆஸ்பத்திரியில் போனை எடுக்க ஆள் இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. பெல் அடித்தால் இரண்டு நிமிடத்தில் நர்ஸ் வருவார். ஆனால் வந்தவர் செய்ய முடிந்தது பாராசிட்டமால் டிரிப்ஸ் ஏற்றுவதும் டிரமடால் போடுவதும்தான். மூன்றாம் நாள் தோளில் வலியை அடக்கும் ஃபென்டனில் பேட்ச் ஒட்டினார்கள். நல்ல மருந்து, ஒன்று மூன்று நாளைக்கு வரும், விலைதான் கையைக் கடிக்கும். அது முழுசாக வேலை செய்ய அரை நாளுக்கு மேல் ஆகும் என்பதை யாரும் சொல்லாததால், ஒட்டின அன்று ராத்திரி முழுக்க அப்புச்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். டூட்டி டாக்டர் சின்னப் பையன், "காலையில ரவுண்ட்ஸ்ல பெரிய டாக்டர் வரட்டுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அதற்கு மேல் அதிகாரம் கிடையாது.

வீட்டில் கதை வேறு. ஏஜென்சி அனுப்பிய ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 900 ரூபாய். "நர்ஸ்" என்றுதான் போனில் சொன்னார்கள், வந்த பையன் வேறு மாவட்டத்துக்காரன், பயிற்சி எத்தனை நாள் என்று கேட்டால் சிரித்தான். நல்ல பையன்தான், தூக்கி உட்கார வைப்பதில் கைப்பக்குவம் இருந்தது, ஆனால் ஊரில் நோம்பி என்று போனவன் திரும்பி வரவில்லை. ஐந்து வாரத்தில் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொரு புது ஆளுக்கும் யூரின் பேக்கை இடுப்புக்குக் கீழேதான் தொங்கவிட வேண்டும் என்று அம்மா முதலிலிருந்து பாடம் நடத்தினார். ஆள் எடுக்கும்போது நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். கொடுக்க முடியவில்லை என்றால் அது துணையாள் கூலி, அந்தக் கணக்கில் பேரம் பேசுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசாங்கத் திட்டத்தில் வந்த நர்சைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தைதான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது தொடங்கியபோது சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு என்பதை ஊருக்கு மாத்திரை கொண்டுவரும் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அந்த நர்ஸ் வாரத்துக்கு ஒரு தடவை வந்தார், டியூப் மாற்றினார், படுக்கைப்புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்தார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் எந்த வாட்டர் பெட்டும் புண்ணைத் தடுக்காது என்று அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) புரியும்படி சொன்னார். புண்ணில் நாற்றம் வந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொன்னவரும் அவர்தான், நாலு நாளில் அறைக்குள் மூச்சு விட முடிந்தது. ஒரு பைசா செலவில்லை. ஆனால் எங்கள் வட்டாரம் முழுக்க அவர் ஒருத்தர்தான். பொழுதோட ஆறு மணிக்கு மேல் அவரைக் கூப்பிட எனக்கே மனசு வரவில்லை, அவர் பையில் கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினும் இல்லை.

மார்ஃபின் என்றதும் மாமா பயந்துவிட்டார். "அது போதை மருந்தாச்சே கண்ணு, அப்பனுக்குப் பழக்கமாயிருச்சுன்னா?" இந்தப் பயம் மாமாவுக்கு மட்டும் இல்லை, சட்டத்துக்கே இருந்தது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது ஏகப்பட்ட லைசென்ஸ், கணக்கு, சிறைத் தண்டனை என்று கிடுக்கிப்பிடி போட்டதில் ஆஸ்பத்திரிகளே அதை வாங்கி வைப்பதை விட்டுவிட்டன. 2014-ல் திருத்தம் வந்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் என்றால் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம் என்றானது. ஆனாலும் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் உங்கள் முதல் கேள்வி "வாய்வழி மார்ஃபின் மாத்திரை இங்கேயே ஸ்டாக் இருக்குதுங்களா?" என்பதாக இருக்கட்டும். இல்லை என்றால் ஏசி எத்தனை டன் என்றெல்லாம் விசாரிக்க வேண்டியதில்லை.

ஹாஸ்பைஸில் இருந்தது. ஆனால் எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது மாத்திரைக்கு முன்னாலேயே, சேர்த்த அன்றைக்கு. தனியார் ஆஸ்பத்திரியில் "பெயின் ஸ்கோர் பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள், அப்புச்சி "இருக்குதுங்" என்பார், அவர்கள் எதையோ எழுதிக்கொண்டு போவார்கள். இங்கே சிஸ்டரும் முதலில் பத்துக்குத்தான் கேட்டார், இவர் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "சரிங் ஐயா, முழு வலி ஒரு ரூபாய்ன்னா இப்ப எத்தனை அணா இருக்கும்?" என்றார். அப்புச்சி கண்ணை மூடி யோசித்தார். "பதினாலணா இருக்குங்." (அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா.) நாலு வருஷ ஆஸ்பத்திரி வாழ்க்கையில் அவருடைய வலியை அவர் கணக்கில் கேட்டது அதுதான் முதல் தடவை.

அரை மாத்திரை, அதாவது 5 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஆரம்பித்தார்கள். படுக்கப்போகும்போது மட்டும் இரட்டிப்பு, அப்போதுதான் ரெண்டு மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. நடுவில் வலி தலை தூக்கினால் அதே அளவு கூடுதலாக ஒரு தடவை. கூடவே மலச்சிக்கலுக்கு மாத்திரை, முதல் நாளிலிருந்தே. மார்ஃபின் எழுதிவிட்டு மலச்சிக்கலுக்கு எதுவும் எழுதாத டாக்டரைக் கண்டால் கொஞ்சம் உஷாராக இருங்கள். இரண்டு நாள் தூங்கி வழிந்தார், மூன்றாம் நாள் தெளிந்து, "நாலணாவுக்கு எறங்கிருச்சு" என்றார். கூடவே எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்துவரச் சொல்லி அனுப்பினார்கள். தனியாரில் பத்து தடவை வரச் சொல்லியிருந்தார்கள். அதுவும் தவறான சிகிச்சை இல்லை, ஆனால் வலியைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒற்றைத் தடவையில் பிறகு மறுபடி கொடுக்க வேண்டிவரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். உட்கார முடியாத மனிதரைப் பத்து நாள் காரில் ஏற்றி இறக்குவதைவிட ஒரு நாள் மேல். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், முதுகெலும்பில் பரவியவருக்குத் திடீரென்று கால் மரத்தாலோ மூத்திரம் நின்றாலோ அது அவசரம், எந்த இடத்தில் இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஹாஸ்பைஸிலும் குறை உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். படுக்கைக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம். புற்றுநோய்க்காரர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள், பக்கவாதத்தில் படுத்துவிட்ட எங்கள் பெரியம்மாவைப் பற்றிக் கேட்டபோது கைவிரித்துவிட்டார்கள். வலி அடங்கினால் இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அடுத்தவர் காத்திருக்கிறாரே. பத்துப் படுக்கைக்கு ஒரே கூடம். பக்கத்துப் படுக்கைக்காரர் அடுத்தடுத்து இரண்டு பேர் இறந்துபோனதை அப்புச்சி பார்த்தார், திரை போட்டாலும் சத்தம் கேட்கும் அல்லவா. அப்புறம் சாப்பாடு. சுத்தம் உண்டு, ருசி இல்லை. அரிசியும் பருப்பும் சோறு என்று புதன்கிழமை ஒன்று போட்டார்கள், அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வட்டலைத் தள்ளி வைத்தார்.

"சாவறதுக்குன்னு ஓர் ஆஸ்பத்திரியா?" என்று மாமா முதலில் குதித்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். அதனால்தான் யாரும் அப்புச்சியிடம் எதையும் சொல்லவில்லை. தனியாரில் எங்களை வராண்டாவுக்குக் கூப்பிட்டுப் போய்த்தான் பேசினார்கள், மூச்சுத் திணறினால் வென்டிலேட்டர் போடலாமா என்ற ஃபாரமும் வராண்டாவில்தான் நீட்டப்பட்டது. (இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் எனக்குக் கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது.) ஹாஸ்பைஸ் டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்புச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், இன்னும் என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டார். மாமா கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"கெணத்துல தண்ணி இல்லீன்னு எனக்குத் தெரியுங் டாக்டர்" என்றார் அப்புச்சி. "மோட்டார எப்ப நிறுத்தலாம்னுதான் கேக்கறனுங்."

மாமா வெளியே போய்விட்டார். அன்று பொழுதோட வந்து, அப்பனை எப்போது வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று அவரே சிஸ்டரிடம் கேட்டார்.

பணம் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. தனியாரில் ஆறு நாளுக்கு 72,000. ஏஜென்சிக்கு ஐந்து வாரத்தில் 31,500, வாட்டர் பெட், டயப்பர் தனி. அரசாங்க நர்ஸ் இலவசம். ஹாஸ்பைஸில் கட்டணம் கிடையாது, முடிந்தால் நன்கொடை. நாங்கள் பத்தாயிரம் கொடுத்தோம், பக்கத்துப் படுக்கைக் குடும்பம் ஒன்றும் கொடுக்கவில்லை, இருவருக்கும் கவனிப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

கடைசி ஒன்பது நாள் வீட்டில் இருந்தார். ஹாஸ்பைஸ் கொடுத்துவிட்ட மாத்திரை, அவர்கள் போன் நம்பர், பகலில் அரசாங்க நர்ஸ். நான் யாருக்காவது ஒரு ஏற்பாடு சொல்வதென்றால் இந்தக் கலவையைத்தான் சொல்வேன். ஹாஸ்பைஸில் போய் வலியை அடக்கிக்கொண்டு, கூட இருக்கிறவர்கள் வேலையைக் கற்றுக்கொண்டு, அப்புறம் வீடு. அங்கே குடும்பத்தில் ஒருத்தர் கட்டாயம் தங்க வேண்டும் என்ற விதி எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. தங்கினது அம்மா. பன்னிரண்டு நாளில் ஏஜென்சி ஆட்கள் மூன்று பேரையும் சேர்த்ததைவிடக் கைதேர்ந்தவராகிவிட்டார்.

சாப்பிடுவது நின்றதும் ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) ஒவ்வொருத்தராக வந்து, ஒரு பாட்டில் குளுக்கோசாவது ஏற்றக்கூடாதா, பட்டினி போட்டா அனுப்புவீர்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். அம்மிச்சி ஆடிப்போய்விட்டார். ஒரு ராத்திரி தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தது, ஒன்றே முக்கால் மணி இருக்கும், போன் போட்டேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அந்தச் சத்தம் நமக்குத்தான் கஷ்டம், அவருக்கு அது தெரியாது, இந்த நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் அந்தத் தண்ணீர் சளியாகவும் வீக்கமாகவும்தான் சேரும், உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருங்கள் என்று சிஸ்டர் நிதானமாகச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு ஒறம்பரை எல்லோரையும் கேட்க வைத்தேன்.

மறுநாள் விடிகாலை போய்விட்டார். வீட்டில் இறந்தால் இறப்புக்கான காரணத்தை எழுதிக் கொடுக்க ஒரு டாக்டர் வேண்டும், விஏஓ-விடம் 21 நாளுக்குள் பதிய வேண்டும். இதற்கு யார் வருவார் என்பதையும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், எழவு வீட்டில் டாக்டரைத் தேடி அலைவது கொடுமை.

அதற்கப்புறம் மூன்று இடமும் எங்களைத் தொடர்பு கொண்டன. தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று மெசேஜ். ஏஜென்சியிலிருந்து மூன்று நாள் பாக்கி. ஹாஸ்பைஸ் வண்டி வாரம் ஒரு தடவை திருப்பூர் பக்கம் வரும், அதில் அந்த சிஸ்டர் வந்தார். மிச்சமிருந்த மார்ஃபினை எண்ணி, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கித் திரும்ப எடுத்துக்கொண்டார். போகும்போது திண்ணையில் அம்மிச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்கம்மா, ராத்திரி தூக்கம் வருதுங்களா? உங்களுக்கு இப்ப எத்தனை அணாங்க?" என்று கேட்டார்.

அம்மிச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பன்னண்டணா இருக்குங் கண்ணு" என்றார்.