எக்ஸெப்ஷன் படிநிலை: ஜாவாவா, பைதனா, ரூபியா, கோவா?

கல்முனையில் நாங்கள் சிலர் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழி எழுதிக்கொண்டிருக்கிறோம். மாறி, சார்பு, வளையம் எல்லாம் சண்டையில்லாமல் முடிந்தன. எக்ஸெப்ஷன்களை, அதாவது ஓடும்போது பிழை நேர்ந்தால் புரோகிராம் எறியும் அறிவிப்புகளை, எதற்குக் கீழ் எது என்று எப்படி அடுக்குவது என்ற இடத்தில்தான் ஆளுக்கொரு கட்சி. மேலே உள்ளதைப் பிடித்தால், அதாவது அதற்குப் பதில் எழுதி வைத்தால், கீழே உள்ளவையும் அகப்படும். ஒருவர் ஜாவாவை விடமாட்டார். ஒருவர் பைதன் பக்கம். மூன்றாமவர் கோ மொழியைக் காட்டி, படிநிலையே தேவையில்லை என்கிறார்.

வாயால் வாதாடுவதை விட, ஒரே புரோகிராமை எல்லா மொழியிலும் வைத்துப் பார்ப்பது நல்லது. சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் களஞ்சியம் என்று வைத்துக்கொள்வோம். மூட்டையின் நிறையையும் ஈரப்பதனையும் தட்டினால், புரோகிராம் அதை ஒரு ஃபைலில் எழுதி, போன் இணைப்பு வழியாக அலுவலகத்துக்கு அனுப்புகிறது. நாலு விதமாகப் பிழை வரலாம்: ஈரப்பதன் கட்டத்தில் 14 என்பதற்குப் பதில் "14%" என்று தட்டுவார்கள், ஃபைல் இருக்காது, பாதி அனுப்பும்போது கவரேஜ் போகும், பொறுமை இழந்த ஒருவர் புரோகிராமை நிறுத்தக் கண்ட்ரோல்-சி அழுத்துவார்.

ஜாவாவில் உச்சியில் த்ரோவபிள். அதன் கீழ் எரர் ஒரு கிளை, எக்ஸெப்ஷன் ஒரு கிளை. எக்ஸெப்ஷனுக்குள் ரன்டைம்எக்ஸெப்ஷன் தனிக் குடித்தனம். எரரும் ரன்டைம்எக்ஸெப்ஷனும் தவிர்ந்த மற்றவற்றைப் பிடிக்க வேண்டும், அல்லது அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால், எழுதியதை ஓடக்கூடியதாக மாற்றும் கம்பைலர் விடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் புரோகிராமில் அடிக்கடி வரப்போவது "14%". அதற்கு எழும் நம்பர்ஃபார்மட்எக்ஸெப்ஷன் ரன்டைம் கிளையில் இருப்பதால் கம்பைலர் வாயே திறக்காது. ஃபைலை மூடும்போது எப்போதாவது வரக்கூடிய ஐஓஎக்ஸெப்ஷனுக்கோ கட்டாயம் பதில் எழுத வேண்டும். மாணவன் என்ன செய்வான்? பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாத வெறும் கேட்ச் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான்.

பெயரை நம்பியும் பயனில்லை. ஃபைல் இருந்தும் திறக்க அனுமதி இல்லாவிட்டால், ஜாவாவின் பழைய ஐஓ (உள்ளீடு-வெளியீடு) நூலகம் அதற்கும் ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷனைத்தான் எறியும். உண்மைக் காரணம் செய்தி வாசகத்துக்குள் மட்டும் இருக்கும். 2011இல் வந்த ஜாவா 7இன் புதிய ஃபைல் நூலகம்தான் இரண்டுக்கும் தனித்தனி கிளாஸ் (வகை) கொடுத்தது.

பைதனின் கதை எனக்கு இதைவிடப் பயன்பட்டது, ஏனென்றால் அது தன் மரத்தை வெளிப்படையாக வெட்டித் திருத்திய மொழி. கண்ட்ரோல்-சி அழுத்தினால் எழும் கீபோர்ட்இன்டரப்ட், 2.4 வரை எக்ஸெப்ஷனின் வம்சத்தில் இருந்தது. அனுப்பத் தவறினால் திரும்ப அனுப்பும் வளையத்தில் எல்லா எக்ஸெப்ஷனையும் பிடித்தால், கண்ட்ரோல்-சியும் அதற்குள் விழும். நிறுத்தச் சொன்னால், புரோகிராம் இன்னொரு முறை அனுப்பப் பார்க்கும். 2006இல் 2.5 பதிப்பு பேஸ்எக்ஸெப்ஷன் என்ற உச்சியை வைத்து, நிறுத்தச் சொல்பவற்றை வெளியே எடுத்தது. அதே பாடத்தை இன்னொரு தடவையும் படிக்க வேண்டியிருந்தது: பல வேலைகளை ஒன்றாக நடத்த உதவும் அசின்க்ஐஓ நூலகத்தில், வேலையை ரத்துச் செய்தால் எழும் கேன்சல்ட்எரர் 2019இல் 3.8 பதிப்பில்தான் வெளியே போனது.

2012இன் 3.3 பதிப்பு ஐஓஎரர், நெட்வொர்க் பிழையான சாக்கெட் எரர் எல்லாவற்றையும் ஓஎஸ்எரரில் ஒன்றாக்கி, அதன் கீழ் காரணவாரியாகப் பிரித்தது. நல்ல வேலை. ஆனாலும் நம் களஞ்சியத்துக்கு இடிக்கிறது. கவரேஜ் போனால் கனெக்ஷன்ரீசெட்எரர் வரலாம், காத்திருக்கும் நேரம் முடிந்து டைம்அவுட்எரரும் வரலாம். முதலாவது கனெக்ஷன்எரரின் பிள்ளை. இரண்டாவது அதற்குப் பிள்ளையில்லை, உடன்பிறப்பு. கனெக்ஷன்எரரை மட்டும் பிடித்தவருக்கு டைம்அவுட் தப்பிவிடும். ஓஎஸ்எரரைப் பிடித்தால், இல்லாத ஃபைலுக்காகவும் புரோகிராம் திரும்பத் திரும்ப முயலும்.

ரூபி ஒரு விஷயத்தில் பைதனை மிஞ்சுகிறது. அங்கே பிடிக்கும் கட்டளை ரெஸ்க்யூ. பெயர் குறிக்காத ரெஸ்க்யூ, சாதாரணப் பிழைகளின் உச்சியான ஸ்டாண்டர்ட்எரரை மட்டுமே பிடிக்கும். பைதனில் பெயரில்லாத எக்ஸெப்ட் இன்றும் எல்லாவற்றையும் விழுங்கும். ஆனால் கோட்டைக் கீறிவிட்டு, தப்பான பக்கத்தில் ஆளை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் ரூபியே காட்டியது. 1.8இல் டைம்அவுட் எரர், நிறுத்தச் சொல்லும் இன்டரப்ட்டின் பிள்ளையாக இருந்தது. நெட்வொர்க் மெதுவாகிவிட்டால், சாதாரண ரெஸ்க்யூவைத் தாண்டிப்போய் புரோகிராமையே படுக்க வைத்துவிடும். 1.9இல் திருத்தினார்கள்.

மைக்ரோசாஃப்டின் சீஷார்ப் மொழி பற்றி அதிகம் சொல்ல இல்லை. மொழியுடையது சிஸ்டம்எக்ஸெப்ஷன், நம்முடையது அப்ளிகேஷன்எக்ஸெப்ஷன் என்று எறிபவரை வைத்துப் பிரித்தார்கள். யார் எறிந்தது என்று பிடிப்பவர் பார்ப்பதில்லை. பின்னர் மைக்ரோசாஃப்டே அப்ளிகேஷன்எக்ஸெப்ஷனிலிருந்து கிளாஸ் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

சரி, திரும்ப முயலலாமா கூடாதா என்பதை வைத்தே பிரித்தால்? ஜாவா 6 தரவுத்தளப் பிழைகளில் இதைச் செய்தது: எஸ்க்யூஎல் டிரான்சியன்ட் (தற்காலிகமானவை) ஒரு பக்கம், நான்டிரான்சியன்ட் மறுபக்கம். எங்கள் ஜாவா கட்சிக்காரரின் துருப்புச்சீட்டு இது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் கோ மொழியின் அனுபவம் எதிராகப் பேசுகிறது. அங்கே மரம் இல்லை. பிழை ஒரு சாதாரண மதிப்பு. நெட்வொர்க் பிழைகளில் மட்டும், இது தற்காலிகமா என்று கேட்க டெம்பரரி என்ற மெதட் இருந்தது. 2022இல் வந்த 1.18 பதிப்பு, தற்காலிகம் என்பதற்குச் சரியான வரையறை இல்லை என்று சொல்லி, அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றுவிட்டது. களஞ்சியத்தில் பார்த்தாலே புரியும். இணைப்பு அறுந்தபோது பதிவு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பது எறிகிற நூலகத்துக்குத் தெரியாது. போயிருந்து, திரும்பவும் அனுப்பினால் ஒரே மூட்டை இரண்டு தடவை பதிவாகும், பணமும் இரண்டு தடவை. மறுபடி அனுப்புவது பாதுகாப்பா என்று சொல்லக்கூடியவர் பிடிக்கிறவர் மட்டுமே.

ஆகவே என் கட்சி இது: பிடிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒரே பதில் வரும் இடத்தில் மட்டும் மரத்தை வெட்டுவோம். உச்சியில் நிறுத்தம், வழு என்று இரண்டு. பெயர் குறிக்காமல் பிடித்தால் வழு மட்டும்தான் அகப்படும். கண்ட்ரோல்-சி அதில் சிக்காது. வழுவுக்குக் கீழே மூன்று: புரோகிராம் எழுதியவர் திருத்த வேண்டிய உள்வழு, தட்டியவரிடம் திரும்பக் கேட்க வேண்டிய தரவுவழு, ஃபைல், நெட்வொர்க், கரண்ட் என்று வெளியே இருந்து வரும் வெளிவழு. டைம்அவுட் வெளிவழுவில்தான். அதற்குக் கீழே கிளாஸ் வேண்டாம். காரணம், பாதை, முகவரி எல்லாம் வழுவுக்குள்ளேயே வைக்கும் புலங்களாக இருக்கட்டும். கட்டாயம் பிடிக்க வேண்டும் என்ற சட்டமும் வேண்டாம்.

கோ கட்சிக்காரர் புலங்கள் என்றதும் பாதி சமாதானம். ஜாவா கட்சிக்காரர், தரவுவழுவையாவது கட்டாயம் பிடிக்க வைக்க வேண்டும் என்று நிற்கிறார். "14%"ஐ நினைத்தால் அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பிடிக்காமல் விட்டால் வரி இலக்கம், கட்டத்தின் பெயர், தட்டிய எழுத்துகள் மூன்றையும் காட்டிவிட்டுத்தான் புரோகிராம் நிற்கும் என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறோம்.