குடும்பக் கப்பற்பயணத்தில் கொன்சியேர்ஜ் சேவை: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

வன்னியிலிருந்து உல்லாசக் கப்பலில் ஏறுகிறவர்களுள் பெரும்பாலானோருக்கு அந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருக்கும் உறவினர்கள்தாம். பல நாடுகளில் பிரிந்து கிடக்கும் குடும்பத்தை ஒரு கிழமைக்காவது ஒன்றாக வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அவர்கள் சிங்கப்பூரைத் தெரிவு செய்கிறார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் குறுகிய காலப் பயணமாக அங்கு போவதற்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை என்பதும், கட்டுநாயக்காவிலிருந்து நேரடி விமானம் உண்டு என்பதும் அதற்கு வசதியான காரணங்கள். எங்கள் குடும்பமும் அவ்வாறே போய்வந்தது. பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணா, ரொறன்ரோவிலிருந்து வட்சப்பில் அனுப்பிய முதற் செய்தியிலேயே, "அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், சித்தப்பாவுக்குச் செயற்கைக் கால், ஆனபடியால் ஒரு அறையையாவது கொன்சியேர்ஜ் வகுப்பில் போடுவம்" என்று எழுதியிருந்தார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இதே யோசனையோடு இருக்கும் வேறு வீடுகளும் இருப்பதால், தனிக் கவனிப்புக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் இந்தக் கொன்சியேர்ஜ் செலவு எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். நாங்கள் சென்ற கப்பல் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துவிட்டேன். சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் சேவையின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். மேல்தளத்தில் பெரிய அறை, அந்த அறைக்காரருக்கு மட்டுமான லவுஞ்ச் எனப்படும் ஓய்வுக்கூடம், அங்கே மேசை போட்டிருக்கும் கொன்சியேர்ஜ் அலுவலர், கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் முன்னுரிமை, அரங்கக் காட்சிகளில் ஒதுக்கப்பட்ட இருக்கை, கட்டண உணவகங்களுக்கும் கரைச் சுற்றுலாக்களுக்கும் நமக்காக இடம் பிடித்துக் கொடுத்தல் ஆகியவை அதில் அடங்கும். றோயல் கரீபியனின் பெரிய கப்பல்களில் இதுவே சீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டு, உச்சப் படியான ஸ்டாரில் 'றோயல் ஜீனி' எனப்படும் தனி உதவியாளரும் தரப்படுகிறார். எம்.எஸ்.சி. நிறுவனம் 2008 இல் ஃபன்ரேசியா கப்பலோடு தொடங்கிய யொட் கிளப், கப்பலுக்குள்ளேயே தனி உணவகமும் தனி நீச்சல் தடாகமும் கொண்ட இன்னொரு சிறு கப்பல் போன்றது. டிஸ்னி கப்பல்களில் பெரிய அறையைவிட முக்கியமானது முன்பதிவு உரிமை: பிள்ளைகள் விரும்பும் நிகழ்ச்சிகளையும் பெரியவர்களுக்கான உணவகங்களையும் கொன்சியேர்ஜ் பயணிகள் மற்றவர்களுக்கு முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இனிக் காசு. கப்பற் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்றுதான் விளம்பரப்படுத்தப்படும், அதுவும் ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துக் கணக்கிட்ட தொகை. கொன்சியேர்ஜ் அறைக்கு மாறும்போது அந்தத் தொகை பல வேளைகளில் இரட்டிப்பைத் தாண்டிவிடுகிறது, விடுமுறைக் காலமென்றால் அதற்கும் மேலே போகிறது. இதைத் தவிர நாள்தோறும் பணியாளர் அன்பளிப்பு என்று ஒரு தொகை கணக்கில் ஏறும். றோயல் கரீபியன் முன்னர் அறிவித்திருந்த ஒரு வீதத்தின்படி சாதாரண அறைக்காரர் ஒருவருக்கு அது ஒரு நாளுக்கு 18.50 அமெரிக்க டொலர், சூட் எனப்படும் பெரிய அறைக்காரருக்கு 21 டொலர். குழந்தைக்கும் அதே தொகைதான். ஐந்து பேர் சாதாரண அறைகளில் நான்கு இரவு போனாலே 370 டொலர் ஆகிறது. டொலரை 300 ரூபாவாக வைத்துப் பார்த்தால் ஒரு லட்சத்துக்கு மேல், அதுவும் அன்பளிப்புக்கு மட்டும். அனுப்புகிறவர் டொலரில் உழைப்பவராக இருக்கலாம். ஆனால் அங்கே இரவு வேலை செய்து சேர்க்கும் டொலருக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது என்பதை ஊரில் இருப்பவர்கள் நினைத்துப் பார்ப்பது நல்லது.

இந்தச் செலவுக்கு எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட முதற் காரணம் கால்கள். போரில் காலை இழந்தவர்கள் இல்லாத ஊர் வன்னியில் இல்லை. அவர்களோடு நீண்ட பயணம் போகும் எவருக்கும் தூரமும் படியும் வரிசையும்தான் முதற் கவலை. சித்தப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சமதரையில் எங்களைவிட வேகமாக நடப்பார், ஆனால் ஓரிடத்தில் அரை மணி நேரம் நின்றால் கால் பொருந்துமிடம் உரசிப் புண்ணாகிவிடும். ஆகவே வரிசையில் நிற்காமல் கப்பலேறும் முன்னுரிமை அவருக்கு அவசியம் என்று எல்லோரும் நினைத்தோம். மரீனா பே முனையத்துக்குப் போனபோது நிலைமை வேறாக இருந்தது. உதவி தேவை என்று முன்கூட்டியே பதிந்திருந்த எல்லோரையும், அவர்கள் எந்த அறைக்காரராக இருந்தாலும், ஒரு தனிப் பகுதியில் இருத்திவைத்து, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் கப்பலுக்குள் விட்டார்கள். பெரியம்மாவை ஒரு பையன் தள்ளிக்கொண்டு போனான். பின்னால் வந்த சாதாரண அறைக்காரரான ஒரு முதியவரையும் அதே மரியாதையோடு இன்னொருவர் தள்ளினார். இருவரும் கப்பலுக்குள் நுழைந்தது ஏறத்தாழ ஒரே நேரத்தில். இந்த உதவிக்குக் கட்டணம் கிடையாது. முன்பதிவின்போது உரிய படிவத்தில் தேவையைக் குறிப்பிட்டால் போதும். குளியலறையில் பிடிகம்பியும் படியில்லாத குளிக்குமிடமும் அகலமான கதவும் கொண்ட அறைகள் சாதாரண வகுப்பிலும் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு என்பதால் முந்திக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் கிடைத்த கொன்சியேர்ஜ் அறையிலோ அழகான, ஆழமான குளியற்தொட்டி இருந்தது. செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைக் காலில் அதற்குள் இறங்குவது எப்படி என்பதை அந்த அறையை வடிவமைத்தவர் யோசித்திருக்க மாட்டார். சித்தப்பா குளிப்பதற்கு எங்களுடைய சிறிய அறைக்குத்தான் வந்து போனார்.

இரண்டாவது விடயம் லவுஞ்ச். விளம்பரப் படங்களில் இது குடும்பம் முழுவதும் கூடியிருந்து சிரிக்கும் இடமாகக் காட்டப்படுகிறது. உண்மையில் சலுகைகள் குடும்பத்துக்கு உரியவை அல்ல, அறைக்கு உரியவை. மூன்று அறை எடுத்த குடும்பத்தில் ஓர் அறை மட்டும் கொன்சியேர்ஜ் என்றால், அந்த அறையில் பெயர் பதிந்தவர்களின் அட்டைக்கு மட்டுமே கதவு திறக்கும். முதல் நாள் பின்னேரம் பெரியம்மாவும் மாமியும் ஒன்றாகப் போனார்கள். பெரியம்மாவின் அட்டையை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது, மாமியின் அட்டைக்குச் சிவப்பு. வாசலில் நின்ற பெண் முகம் கோணாமல் அறை இலக்கத்தைக் கேட்டு, கையிலிருந்த திரையில் பார்த்து, மிகுந்த பணிவோடு மாமியை உள்ளே விட முடியாது என்றாள். அவளில் பிழை இல்லை, விதி அப்படி. ஆனால் பதினைந்து வருடத்துக்குப் பிறகு சந்தித்த இரண்டு மச்சாள்மாருக்கு நடுவில் ஒரு கதவு வந்து நிற்பதற்குக் காசு கொடுத்ததாக எனக்குப் பட்டது. பெரியம்மா அதன்பிறகு அங்கே போகவே இல்லை. இருவரும் எல்லோருக்கும் பொதுவான பவே தளத்தில் (தாமே எடுத்துச் சாப்பிடும் உணவகத்தில்), கண்ணாடியோரம் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு, தேநீரும் பிஸ்கட்டுமாக நேரம் போவது தெரியாமல் இருந்தார்கள். லவுஞ்சை உண்மையில் பயன்படுத்தியவர் அண்ணா ஒருவர்தான்; நல்ல கோப்பி இயந்திரமும் அமைதியும் இருந்ததால் காலையில் அங்கிருந்து அலுவலக வேலை பார்த்தார்.

சாப்பாட்டு விடயத்தில் கொன்சியேர்ஜ் அலுவலர் மிகுந்த அக்கறை காட்டினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரியம்மா வெள்ளிக்கிழமை மரக்கறிதான், முட்டையும் படாது. அதைக் கேட்டு, எழுதி, சமையற்கூடத்துக்கு அறிவித்து, மாலையில் தொலைபேசியில் அழைத்து உறுதிப்படுத்தவும் செய்தார். அன்றிரவு பிரதான உணவு மண்டபத்தில் எங்கள் மேசைக்குப் பருப்பும் சோறும் கத்தரிக்காய்க் கறியும் வந்தன. பக்கத்து மேசையில் இருந்த குஜராத்திக் குடும்பத்துக்கு அதே கறி முதல் இரவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அவர்கள் தலைமைப் பரிசாரகரிடம் நேரே சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் ஏராளம் என்பதால் அங்கு மரக்கறிச் சாப்பாடு சிறப்புச் சலுகை அல்ல, அன்றாட வேலை. உறைப்பு மட்டும் எவர் சொல்லியும் எங்கள் அளவுக்கு வரவில்லை. மாமி கொண்டுபோன ஊறுகாய்ப் போத்தல்தான் கைகொடுத்தது.

பிள்ளைகளுக்கு இந்தச் சேவையால் வித்தியாசம் எதுவும் இல்லை. சிறுவர் கழகம், நீச்சல் தடாகம், சறுக்கு விளையாட்டு எல்லாம் பொது. அறை பெரியது என்று முதல் நாள் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

காசுக்கு மதிப்புத் தெரிந்த இடம் கரையிறங்கும் நேரம். பினாங்கில் கப்பல் துறைமேடையிலேயே கட்டப்படுவதால் யாரும் நடந்து இறங்கலாம். ஆனால் புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். சாதாரணப் பயணிகள் இலக்கமிட்ட துண்டு எடுத்துக்கொண்டு தங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கொன்சியேர்ஜ் அறைக்காரரை அலுவலர் ஒருவர் பணியாளர் லிப்டிலேயே அழைத்துப்போய் அடுத்த படகில் ஏற்றிவிடுகிறார். சித்தப்பா நிற்கவே வேண்டியிருக்கவில்லை. படகு ஆடும்போது கால் வைப்பது கொஞ்சம் சிரமம்தான், இரண்டு மாலுமிகள் இரு தோளையும் பிடித்து இறக்கினார்கள். கடல் குழம்பினால் நடக்க இயலாதவர்களை ஏற்றாமல் விடுவதும் உண்டு, அதை எந்த வகுப்பாலும் மாற்ற முடியாது. பயணம் முடிந்த காலையிலும் ஆயிரக்கணக்கானோர் படிக்கட்டுகளில் பெட்டிகளோடு நெருக்கிக்கொண்டிருக்க, அந்த அறைக்காரர்கள் லவுஞ்சில் தேநீர் குடித்துவிட்டு இறங்கினார்கள். அன்றே கொழும்புக்கு விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பெட்டியைத் தானே இழுத்துச் செல்லத் தயாரான எவரும் முதல் தொகுதியில் இறங்கலாம் என்ற வழியும் உண்டு, அதற்குக் காசு இல்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. சிங்கப்பூரிலிருந்து மூன்று நான்கு இரவுகளுக்குப் போய்வரும் குடும்பச் சந்திப்புக்கு இந்தச் சேவை தேவையில்லை. அந்தக் காசில் பல்கனியுள்ள இரண்டு அறைகளை அடுத்தடுத்து எடுத்து, நடுத்தடுப்பைத் திறந்துவிடச் சொன்னால் குடும்பம் உண்மையிலேயே ஒன்றாக இருக்கும். கப்பலும் நீளமாக, பயணமும் ஒரு கிழமைக்கு மேலாக, சிறு படகில் இறங்கும் துறைமுகங்கள் பலவாக, போகிறவர்கள் அனைவரும் ஒரே பெரிய அறைக்குள் அடங்குபவர்களாக இருந்தால் கணக்கு மாறலாம். டிஸ்னி கப்பலுக்குச் சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்பதிவு உரிமைக்காகக் கொடுப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

கொன்சியேர்ஜ் எட்டாத பக்கமும் ஒன்று உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே பயணத்தின் கடினமான பாதி. கனடியக் கடவுச்சீட்டோடு வருகிற அண்ணாவுக்குக் கப்பல் தொடும் நாடுகள் எல்லாம் திறந்திருக்கும். இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிற நாங்கள் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் விசா விதியைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், உரிய ஆவணம் இல்லாவிட்டால் கப்பலிலேயே ஏற்றமாட்டார்கள். அந்தப் பொறுப்பு முழுவதும் பயணியுடையது. அதேபோலக் கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவோடிரவாக ஹயஸ் வானில் ஏ-9 வீதியால் போகும் ஆறேழு மணி நேரத்தில்தான் பெரியம்மாவின் முழங்கால் வீங்கியது. மேலதிகக் காசு இருந்தால் முதலில் அதை அங்கே போடலாம்: ஒரு நாள் முந்திப் போய், நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்து, காலை நீட்டிப் படுத்துவிட்டு விமானமேறலாம். விசா பார்க்கும்போதே உதவிப் படிவத்தையும் நிரப்பி அனுப்பி, பதில் மின்னஞ்சலை அச்செடுத்துக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். முனையத்தில் எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான்.