பருத்தி லேஸ் பின்னல் பெட்டி: நூல் நன்று, ஊசி மோசம்

செட்டிநாட்டு வீடுகளில் லேஸ் என்றால் பெரும்பாலும் குரோஷா ஊசியால் போட்டதுதான் நினைவுக்கு வரும். இரண்டு ஊசிகளால் பின்னுகிற லேஸ் வேறு வகை. குரோஷாவில் பொதுவாக ஒரு கண்ணிதான் ஊசியில் நிற்கும். இதிலோ வரிசையின் கண்ணிகள் அத்தனையும் நிற்பதால், ஒன்று நழுவினால் கீழே பல வரிசைகள் வரை அவிழ்ந்துவிடும். இதைக் கற்க விரும்புவோருக்கென இணையத்தில் விற்கும் ஒரு பெட்டியைக் காரைக்குடிக்கு வரவழைத்து, அதிலுள்ள இலைக்கொடி மாதிரியில் மேசை விரிப்பொன்றைப் பின்னி முடித்த பிறகே இதை எழுதுகிறேன்.

நூலைக் குறை சொல்ல இடமில்லை. மெர்சரைஸ் செய்த, அதாவது பளபளப்பும் வழவழப்பும் வரக் காரத்தில் பதப்படுத்திய, வெள்ளைப் பருத்தி. முறுக்கு சீராக இருக்கிறது, எங்கும் முடிச்சு இல்லை. ஆனால் அந்த வழவழப்புக்குப் பளபளவென்ற உலோக வட்ட ஊசியை (இரு முனைகளையும் வளையும் கம்பி இணைக்கும் ஊசி) துணையாகக் கொடுத்ததுதான் பிழை. சித்திரை வெயிலில் கை வியர்க்கும்போது கண்ணிகள் தாமாகவே வழுக்கி விழுகின்றன. ஊசியும் கம்பியும் சேரும் இடத்தில் சிறு மேடு இருப்பதால், ஒவ்வொரு வரிசையிலும் நூல் அங்கே சிக்கி இழை பிரிகிறது. மூங்கில் ஊசி ஒன்றைத் தனியாக வாங்கிய பிறகே வேலை ஓடியது.

வரைபடத்தில் ஒற்றைப்படை வரிசைகள் மட்டுமே உள்ளன. இரட்டைப்படை வரிசைகளை முழுதும் பர்லாக (நூலை முன்பக்கம் வைத்துப் போடும் கண்ணியாக) பின்ன வேண்டும் என்பது எங்கும் சொல்லப்படவில்லை. துளைக்காக நூலைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி கூடும். இரண்டைச் சேர்த்துப் பின்னும்போது ஒன்று குறையும். இந்த மாதிரியில் இரண்டும் வரிசைதோறும் சமமாக வருவதால், மார்க்கர்களுக்கிடையே (கண்ணிகளைப் பிரித்துக் காட்ட ஊசியில் மாட்டும் சிறு வளையங்கள்) எண்ணிக்கொண்டே போனால் தவறு அந்த வரிசையிலேயே பிடிபடும். இந்த ஒரு குறிப்பை அச்சிட்டிருந்தால் புதியவர்களுக்குப் பல மணி நேரம் மிச்சமாகும்.

பெட்டியில் அரக்கு நிற நூல் ஒரு சிறு சுருளும் உண்டு. எதற்கென்று எழுதவில்லை என்றாலும், அது பர்ல் வரிசையின் எல்லாக் கண்ணிகளிலும் கோத்து வைக்கும் காப்பு நூல் என்பது பழகியவர்களுக்குப் புரியும். மேலே எது அவிழ்ந்தாலும் அந்த வரிசையில் நின்றுவிடும். கோக்கும்போது மார்க்கருக்குள் நுழைத்துவிடக் கூடாது. ஆனால் இந்தச் சுருள் சாயம் விடுகிறது! நனைத்ததும் விரிப்பின் ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு விழுந்தது. இரண்டு முறை அலசியும் முழுதாகப் போகவில்லை. வெள்ளைத் தையல் நூலே போதும்.

ஈரமாக விரித்து ஊசி குத்திக் காயவைக்கச் சொல்லும் குறிப்பு, கம்பளி நூலுக்கு எழுதியதைப் போலிருக்கிறது. கம்பளி அளவுக்குப் பருத்தி இழுத்த வடிவத்தில் நிற்காது. பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னபடி மெல்லிய அரிசிக் கஞ்சியில் முக்கி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஊசி இறங்காது என்பதால் மடித்த பழைய கண்டாங்கிச் சேலையின் மேல் விரித்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் ஒவ்வோர் இலை நுனியையும் இழுத்துக் குத்தியதில் வடிவம் விறைப்பாக நின்றது. பெட்டியிலுள்ள குண்டூசிகளை ஈரத்துணியில் நம்ப முடியாது. ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில் மறுநாளே துரு ஏறியிருந்தது.

இந்த விலைக்குப் பெட்டியாக வாங்கச் சொல்ல மாட்டேன். அதே நூலை அவர்கள் தனியாகவும் விற்கிறார்கள். அடுத்த விரிப்புக்கு அதை மட்டும் வரவழைத்திருக்கிறேன்.