பயோசிப்: ஒளியால் படிப்பதா, மின்சாரத்தால் படிப்பதா?

பயோசிப் என்றால் ரத்தம், டி.என்.ஏ. போன்ற உயிரியல் மாதிரிகளைச் சோதிக்கும் சிறு தகடு. இந்த ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று ஒளியை நம்புகிறது, மற்றது மின்சாரத்தை.

ஒளியை நம்புவது மைக்ரோஅரே. கண்ணாடித் தகட்டில் லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு டி.என்.ஏ. துண்டு. நோயாளியின் மாதிரியில் ஒளிரும் சாயத்தை ஏற்றி ஊற்றினால், மாதிரியின் டி.என்.ஏ. தகட்டுத் துண்டோடு ஜோடி சேர்ந்த இடம் மட்டும் மின்னும். வேடிக்கை என்னவென்றால், சிப் என்று சொல்கிறோமே தவிர, இந்தத் தகட்டில் ஒரு டிரான்சிஸ்டர்கூட (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் நுண் விசை) கிடையாது. ஸ்டீபன் ஃபோடர் குழு 1991இல் வெளியிட்ட முறை, சிப் தொழிலிடமிருந்து ஒளியால் அச்சிடும் நுட்பத்தைத்தான் கடன் வாங்கியது. வாசிக்கிற வேலை முழுக்க வெளியே இருக்கும் லேசர் ஸ்கேனருக்கு.

மின்சார வகையில் சிப்பே வாசிக்கிறது. 1970இல் பீட் பெர்க்வெல்ட் டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உலோக வாயிலை (கேட்) எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் திரவம் தொடும்படி செய்தார். திரவத்தில் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) கூடினாலும் குறைந்தாலும் மின்னோட்டம் மாறும். டி.என்.ஏ. இழையில் ஓர் எழுத்து (A, T, G, C என்ற நான்கு வேதி அலகுகளில் ஒன்று) சேரும்போது ஒரு ஹைட்ரஜன் அயனி வெளியேறுகிறது அல்லவா? அதைப் பிடித்துத்தான் அயான் டோரன்ட் சிப் மரபணுவைப் படித்தது. 2011இல் அது படித்துக்காட்டிய மரபணுத் தொகுதி, சிப்பில் டிரான்சிஸ்டர்கள் பெருகும் வேகத்தைச் சொன்ன 'மூர் விதி' புகழ் கார்டன் மூருடையது! சாயமும் வேண்டாம், லேசரும் வேண்டாம்.

சரி, குறைகள்? மைக்ரோஅரே, தகட்டில் வைத்த கேள்விக்குத்தான் பதில் சொல்லும். புதிய மரபணு மாற்றம் அதன் கண்ணில் படாது. அயனி சிப்போ, ஒரே எழுத்து தொடர்ந்து வந்தால் ஏழா எட்டா என்று எண்ணிக்கையில் தடுமாறும்.

இதைவிடப் பெரிய சிக்கல் டிரான்சிஸ்டரால் ரத்தத்தில் புரதத்தைத் தேடும்போது வருகிறது. ரத்தத்தின் உப்பு, புரதத்தின் மின்னூட்டத்தை மறைத்துவிடும். ஒரு நானோமீட்டருக்கு (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அப்பால் இருப்பதை டிரான்சிஸ்டர் உணர்வதே கடினம். புரதத்தைப் பிடிக்க ஒட்டவைக்கும் ஆன்டிபாடியே சுமார் 10 நானோமீட்டர் நீளம். மாதிரியை நீர்க்கச் செய்து சமாளிக்கலாம். ஆனால் அது கூடுதல் வேலை, படுக்கையருகே வைத்துப் பார்க்கும் சௌகரியம் போய்விடும். ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லா நோயும் தெரியும் என்ற விளம்பரங்களை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

என் தேர்வு வேலையைப் பொறுத்தது. ஏற்கெனவே தெரிந்த மரபணு வேறுபாடுகளைத் தேட ஒளி போதும். மருந்து உடலில் எப்படிச் சிதையும் என்று மரபணு வழியே கணிக்கும் ஆம்ப்ளிசிப் என்ற மைக்ரோஅரே, அமெரிக்காவில் 2004இல் அனுமதி பெற்றது அப்படித்தான். அவசரத்துக்கு மின்சாரம். ஐ-ஸ்டாட் போன்ற கையடக்கக் கருவி சில சொட்டு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. அங்கே உப்பு தொல்லை இல்லை; அளக்க வேண்டியதே அதைத்தான்.