புது மோட்டார் போட்டால் பிரஷர் சரியாகிவிடும் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

குமரி மாவட்டத்தில், 28 அடி ஆழமுள்ள திறந்த கிணற்றை நம்பியிருக்கும் வீடு எங்களுடையது. மேல்நிலைத் தொட்டி கிடையாது. கிணற்றடி மோட்டாரும், அழுத்தம் இறங்கினால் அதை ஓடவைத்து ஏறினால் நிறுத்தும் பிரஷர் சுவிட்சும், நீரை அழுத்தத்தோடு தேக்கிவைக்கும் 24 லிட்டர் பிரஷர் டேங்கும்தான் எல்லாக் குழாய்களுக்கும் தண்ணீர் கொடுக்கின்றன. சென்ற மாதம் குளியலறைக் குழாயில் தண்ணீர் ஒரு நொடி பீறிட்டு அடிப்பதும் மறுநொடி நூலாக இளைப்பதுமாக இருந்தது. மோட்டார் சில விநாடிகளுக்கு ஒருமுறை நின்று நின்று ஓடியது. வீட்டுப் பழுதுகளுக்கு ஆள் அனுப்பும் கைபேசிச் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். அதனால் இழந்தது 23,600 ரூபாய்.

வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்து, "அம்மா, எங்க வீட்டிலயும் கிணறுதான், இந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்" என்று என் தாயாரிடம் சொன்னார். அந்த ஒரு சொல்லில் நாங்கள் எல்லோரும் நம்பிவிட்டோம். மோட்டாரின் மேல் கையை வைத்துப் பார்த்து, இம்பெல்லர் (மோட்டாருக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்துவிட்டது, கோடையில் நீர்மட்டமும் இறங்கிவிட்டது, இனி ஒரு குதிரைத்திறன் மோட்டார் இருந்தால்தான் இழுக்கும் என்றார். டேங்கை அவர் தொடவே இல்லை. அதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். மாலைக்குள் புது மோட்டார் வந்தது, 23,600 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பினேன், பழைய மோட்டாரை எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அதே தொல்லை, முன்பைவிட வேகமாக. செயலியின் உதவி எண்ணில் முதலில் பேசியவர் 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார். இரண்டாவது ஆள், மோட்டார் நன்றாக ஓடுவதால் குறை உங்கள் குழாய் அமைப்பில்தான் இருக்கும், அது உத்தரவாதத்தில் வராது என்றார். மூன்றாவது ஆள், மோட்டார் விற்பனை பணியாளரின் தனிப்பட்ட ஏற்பாடு, எங்கள் கட்டணம் வருகைக்கான 299 ரூபாய் மட்டுமே என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தால், அதில் செயலியின் பெயரே இல்லை. 23,600 ரூபாய்க்கு யாரும் பொறுப்பில்லையாம்!

பிறகு எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளாக மோட்டார் வேலை செய்யும் அண்ணன் வந்து, டேங்கின் தலையிலுள்ள காற்று வால்வின் ஊசியை அழுத்தினார். காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தது. உள்ளே நீரையும் காற்றையும் பிரித்துவைக்கும் ரப்பர் பை கிழிந்திருந்தது. காற்று மெத்தை இல்லாத டேங்கில் குழாயைத் திறந்தவுடன் அழுத்தம் சட்டென்று விழுகிறது, மோட்டார் ஓடியதும் உடனே ஏறிவிடுகிறது. அதனால்தான் சுவிட்ச் ஓயாமல் துடித்திருக்கிறது. பெரிய மோட்டார் இன்னும் சீக்கிரம் அழுத்தத்தை ஏற்றியதால் துடிப்பும் கூடியது. பை மாற்ற ஆன செலவு 1,300 ரூபாய்.

நீர்மட்டக் கதையும் பொய்தான். தரைமேல் வைத்த மோட்டார் காற்றழுத்தத்தின் துணையில்தான் நீரை உறிஞ்சுகிறது, நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்குமேல் (சுமார் 25 அடி) இழுக்காது, குதிரைத்திறனைக் கூட்டினாலும் அந்த எல்லை மாறாது. எங்கள் நீர்மட்டம் அப்போது 18 அடி ஆழத்தில், அந்த எல்லைக்கு உள்ளேயே இருந்தது.

ஆகவே, மோட்டார் அடிக்கடி நின்று ஓடினால் முதலில் டேங்கைப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து நீரை வடித்தபின், டயர் காற்றளவு மானியை அந்த வால்வில் வைத்தால் போதும். சுவிட்ச் மோட்டாரை 20 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தின் அலகு) ஓடவைக்குமானால் காற்று 18 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். தண்ணீரோடு காற்றும் கலந்து வந்தால் உறிஞ்சு குழாயின் அடிநுனியில் நீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் புட்வால்வையும், அந்தக் குழாயின் இணைப்புகளையும் பாருங்கள். பழைய மோட்டாரை அன்றே கொடுத்துவிடாதீர்கள். செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; நேற்று அதில் புகார் பதிந்திருக்கிறேன். 23,600 ரூபாயும் எங்கள் பழைய மோட்டாரும் இன்னும் திரும்பி வரவில்லை.