குரூப் பாலிசி பிரிஃபரன்சஸ்: டிரைவுக்குச் சரி, பிரின்டருக்கு யோசிக்க வேண்டும்

யார் எந்தக் குரூப்பில் இருக்கிறார் என்று பார்த்து, அவருக்குரிய நெட்வொர்க் டிரைவையும் பிரின்டரையும் லாகின் ஆகும்போதே கொடுத்துவிடுவது என் அன்றாட வேலை. டிரைவை இணைக்கும் நெட் யூஸ் வரிகளும், ஆள் அந்தக் குரூப்பில் இருக்கிறாரா என்று பார்க்கும் இஃப்மெம்பரும் நிறைந்த பேட்ச் ஃபைல், பிறகு கிக்ஸ்டார்ட் (KiXtart) என்ற ஸ்கிரிப்ட் மொழி, அதன்பின் விபிஸ்கிரிப்ட் என எல்லாவற்றிலும் லாகான் ஸ்கிரிப்ட் (லாகின் ஆகும்போது தானாக ஓடும் நிரல்) எழுதியிருக்கிறேன். இப்போது டிரைவ்கள் அனைத்தையும் குரூப் பாலிசி பிரிஃபரன்சஸ்தான் பார்த்துக்கொள்கிறது. விண்டோஸ் சர்வரிலிருந்து நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்கு அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசியின் ஒரு பகுதி அது; ஸ்கிரிப்ட் எழுதாமல் திரையிலேயே டிரைவையும் பிரின்டரையும் அமைக்கலாம். மாறலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

டெஸ்க்டாப்ஸ்டாண்டர்ட் நிறுவனத்தை 2006-இல் வாங்கியபோது மைக்ரோசாஃப்டுக்கு வந்து சேர்ந்த பாலிசிமேக்கர் என்ற மென்பொருள்தான் இதன் மூலம். விண்டோஸ் சர்வர் 2008 முதல் சர்வரோடு சேர்ந்தே வருகிறது. தனி லைசென்ஸ் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஐட்டம்-லெவல் டார்கெட்டிங், அதாவது ஒவ்வொரு ஐட்டமும் (ஒரு டிரைவ் அல்லது பிரின்டருக்கான அமைப்பு) யாருக்குப் போக வேண்டும் என்று தனித்தனியாக நிபந்தனை வைக்கும் வசதி. விபிஸ்கிரிப்டில் ஒருவருடைய மெம்பர்ஆஃப் பட்டியலைப் படித்தால் அவர் நேரடியாக இருக்கும் குரூப்கள் மட்டுமே வரும். கணக்குப் பிரிவு என்ற குரூப் நிதித் துறை என்ற குரூப்புக்குள் இருந்தால், நிதித் துறைக்கான டிரைவ் கணக்குப் பிரிவு ஆட்களுக்குக் கிடைக்காது. அதற்கென்று குரூப்புக்குள் குரூப்பாகத் தேடும் ஃபங்ஷனைத் தனியாக எழுத வேண்டும். டார்கெட்டிங் பார்ப்பதோ யூசரின் லாகான் டோக்கனை, அதாவது லாகின் ஆகும்போது உருவாகும், அவருடைய குரூப்கள் அடங்கிய அடையாளத்தை. உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் டோக்கனில் எல்லாம் இருக்கும். புதிதாக ஒருவரைக் குரூப்பில் சேர்த்தால் அவர் ஒருமுறை லாக்ஆஃப் செய்து திரும்ப வர வேண்டும், அவ்வளவுதான். பழைய இஃப்மெம்பருக்கும் இதே கதைதான்.

கவனம் வேண்டிய இடம் ஆக்‌ஷன் என்ற கட்டம். கிரியேட், ரீப்ளேஸ், அப்டேட், டெலீட் என்று நான்கு இருக்கும். பலர் ரீப்ளேஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது டிரைவை ஒவ்வொரு முறையும் நீக்கிவிட்டு மறுபடி போடும். பாலிசி பின்னணியில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, கூடவே 30 நிமிடம் வரை தாமதம் சேர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. விண்டோஸ் 8.1-க்குப் பிந்தைய கம்ப்யூட்டர்களில், அந்த நேரத்தில் டிரைவில் ஃபைலைத் திறந்து வைத்திருப்பவருக்கு இணைப்பு அறுந்துபோகலாம். அப்டேட்டே போதும்.

குரூப்பிலிருந்து விலகியவருக்கு டிரைவும் போக வேண்டுமே? அதற்கென்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. ஆனால் அதை டிக் செய்தால் ஆக்‌ஷன் தானாகவே ரீப்ளேஸுக்கு மாறிவிடும். ஆகவே அதை நான் தொடுவதில்லை. அதே டிரைவ் எழுத்துக்கு டெலீட் ஆக்‌ஷனோடு இரண்டாவது ஐட்டம் ஒன்றைப் போட்டு, 'இந்தக் குரூப்பில் இல்லாதவர்' என்று டார்கெட் செய்கிறேன். ஐட்டம் எண்ணிக்கை இரட்டிப்பாகும், தாங்கிக்கொள்ளலாம்.

டிரைவ் விஷயத்தில் ஒன்றில் மட்டும் ஸ்கிரிப்ட்தான் மேல். கிக்ஸ்டார்ட்டில் இன்குரூப் என்று கேட்டு, அடுத்த வரியில் யூஸ் என்று எழுதினால் வேலை முடிந்தது. யாருக்கு எது கிடைக்கும் என்பதை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படித்துவிடலாம். பிரிஃபரன்சஸிலோ ஒவ்வொரு ஐட்டமாகத் திறந்து, காமன் டேபுக்குப் போய், டார்கெட்டிங்கைத் திறந்து பார்க்க வேண்டும். எனக்குப் பின்னால் வருபவருக்காக ஒவ்வொரு ஐட்டத்தின் குறிப்புக் கட்டத்திலும் குரூப் பெயரை எழுதி வைக்கிறேன்.

பிரின்டர் விஷயத்தில் என் தீர்ப்பு வேறு. பவர்ஷெல்லில் ஒரு சின்ன லாகான் ஸ்கிரிப்டையே வைத்திருக்கிறேன். அது மற்ற வேலைகளோடு சேர்ந்து ஓடும், டெஸ்க்டாப் வருவதைத் தடுக்காது. எந்த பிரின்டர் ஏன் சேரவில்லை என்பதை லாக் ஃபைலில் நானே எழுத வைக்கலாம். விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டதால், புதிதாக எழுதுபவர்கள் அதைத் தொட வேண்டாம்.

விண்டோஸ் 8.1 முதல் குரூப் பாலிசி வழியாக வரும் லாகான் ஸ்கிரிப்ட், லாகின் ஆகி ஐந்து நிமிடம் கழித்தே ஓடும். இயல்பு அமைப்பே அப்படி. ஸ்கிரிப்ட் கெட்டுவிட்டது என்று யாரும் அதைக் குடைய வேண்டாம். லாகான் ஸ்கிரிப்ட் டிலே என்ற பாலிசியில் பூஜ்ஜியம் கொடுத்தால் சரியாகிவிடும்.

விண்டோஸின் பிரின்ட் சேவையில் இருந்த பிரின்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க 2021 ஆகஸ்டில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, சாதாரண யூசரால் பிரின்டர் டிரைவரை நிறுவ முடியாது. ஸ்கிரிப்டோ பிரிஃபரன்சஸோ, இரண்டுமே இங்கே முட்டி நிற்கும். டிரைவரை முன்கூட்டியே எல்லா கம்ப்யூட்டரிலும் நிறுவிவிடுங்கள். பாதுகாப்பைத் தளர்த்தும் ரெஜிஸ்ட்ரி வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். டிஃபால்ட் பிரின்டர் அடிக்கடி மாறுகிறது என்று புகார் வந்தால், விண்டோஸ் 10-இன் 1511 பதிப்பில் வந்த, விண்டோஸே டிஃபால்ட் பிரின்டரைத் தேர்ந்தெடுக்கும் வசதியைப் பாலிசி மூலம் அணைத்துவிடுங்கள்.

பழைய டொமைனைக் கையில் எடுப்பவர்கள் முதலில், பாலிசி ஃபைல்கள் இருக்கும் சிஸ்வால் (SYSVOL) ஃபோல்டரில் உள்ள எக்ஸ்எம்எல் ஃபைல்களில் சீபாஸ்வேர்ட் (cpassword) என்ற சொல்லைத் தேடுங்கள். டிரைவ் மேப்பிலேயே பாஸ்வேர்டைச் சேமிக்கும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. அதன் என்கிரிப்ஷன் சாவி வெளிப்படையாகவே கிடைத்ததால் 2014 மே மாதம் அதை நிறுத்தினார்கள். ஆனால் அந்த அப்டேட் ஏற்கெனவே சேமித்திருந்தவற்றை அழிக்கவில்லை. கிடைத்தால் அந்த ஐட்டத்தை நீக்குவதோடு, அந்த அக்கவுன்டின் பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.